மழை அங்கி வாங்குவோர் கவனத்திற்கு

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் செய்தி சேகரிக்கச் சென்ற காலத்தில் மூன்று மழை அங்கிகளை நான் வீசியெறிந்திருக்கிறேன். அவற்றில் இரண்டு உண்மையில் பழுதடைந்திருக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

புதிய அங்கியின் மீது மழைத்துளி உருண்டோடுவது வெளித்துணியிலுள்ள நீர்விலக்கிப் பூச்சினால்தான். அழுக்கும் வியர்வையும் படியப்படிய அப்பூச்சு செயலிழக்கும். துணி நனைந்து கனக்கும். உள்ளிருக்கும் நீர்புகாச் சவ்வு அப்போதும் நன்றாகவே இருக்கக்கூடும். வியர்வை ஆவி வெளியேற வழியின்றி உட்புறம் ஈரமாகும். நாமோ அங்கி ஒழுகுகிறது என்று முடிவுகட்டி விடுகிறோம். சவர்க்காரத் தன்மை எஞ்சாதவாறு கழுவி, உற்பத்தியாளர் அனுமதிக்கும் வெப்பத்தில் உலர்த்தினால் பல அங்கிகள் மீளும்.

மூன்றாவது அங்கியை ஈரத்தோடு மடித்து அலுமாரியில் வைத்துக் கெடுத்தவன் நானே. பொலியுரேதேன் பூச்சு உரிந்து உதிர்ந்துவிட்டது.

ஆகவே வாங்கும்போது வணிகப் பெயரைப் பார்த்து மயங்காமல், அங்கியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல்கள் அனைத்தின்மீதும் பட்டி ஒட்டப்பட்டுள்ளதா? நீரழுத்தம் தாங்கும் அளவு 10,000 மில்லிமீற்றருக்குக் குறையாதிருக்கிறதா? முதுகுப்பை உராயும் தோள்பகுதி தடித்த துணியா?

புளோரின் சேர்மப் பூச்சுள்ள ஆடைகளைப் பிரான்ஸ் 2026 ஜனவரி முதல் பெருமளவு தடைசெய்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் மாற்றுப் பூச்சுகள் எண்ணெய் அழுக்கை அவ்வளவாகத் தடுப்பதில்லை. எனவே அவற்றை அடிக்கடி கழுவவேண்டும்.

அதே மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பொலித்தீன் தாளைப் போர்த்தியபடி மழையில் நின்றதைக் கண்டவன் நான். கழுவச் சோம்பி நல்ல அங்கியொன்றை எறிந்ததை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.