பாலிஷ் டப்பாவோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுப்போம்



மளிகைக் கடையில் கார் பாலிஷுக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் போய்விட்டது. இன்று சோப்பு, பினாயில் அடுக்குக்குப் பக்கத்திலேயே கார் ஷாம்பும் பாலிஷும் உட்கார்ந்திருக்கின்றன. ஆயுத பூஜை நெருங்கினால் என் கிடங்கிலிருந்து பெட்டி பெட்டியாகப் போகிறது. விற்கிறோம், காசு வாங்கிக் கல்லாவில் போடுகிறோம். அந்தச் சரக்கைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி.

சென்ற ஆண்டு பூஜை முடிந்த நாலாம் நாள், இருபது வருஷமாக என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் முகம் வாடி வந்து நின்றார். அவருடைய வாடிக்கையாளர் நம் பாலிஷை வாங்கிக் காரில் பூசியிருக்கிறார். பெயின்ட் பளபளத்தது. ஆனால் கறுப்பு பிளாஸ்டிக் பம்பரிலும், சக்கரத்துக்கு மேலுள்ள கறுப்பு வளைவிலும் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடுகள். கடைக்கு வந்து கேட்டபோது பையன், “மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்க” என்று சொல்லியிருக்கிறான். துடைத்த அன்று கறுத்தது, இரண்டாம் நாள் மறுபடி வெளுத்தது. பொறுமையிழந்த அந்த மனிதர் பெயின்டரிடம் தின்னர் வாங்கித் தேய்க்க, அது வழிந்து பின் விளக்கின் மூடி மங்கிப் போயிற்று. புது விளக்குக்குப் பணம் கேட்கிறார்.

டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கில் படாமல் பூசவும் என்று எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறது. எத்தனையோ வருஷமாக விற்கிறேன், ஒரு நாளும் நான் அதைப் படித்ததில்லை. விளக்குப் பணத்தை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தோம். நஷ்டம் பெரிதல்ல. அந்த வாடிக்கையாளர் அவர் கடைக்கு மறுபடி வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

பிறகுதான் விஷயத்தைக் கேட்டும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டேன். பெயின்ட் அடித்த தகடு கண்ணாடி போல வழுவழுப்பு. கறுப்பு பிளாஸ்டிக்கோ தோல் போலச் சொரசொரப்பு. பாலிஷில் பிரேசில் நாட்டுப் பனைவகை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகோ வேறு மெழுகோ இருக்கும். பல பாலிஷ்களில் தேய்ப்பதற்கென்று நுண்ணிய வெள்ளைப் பொடியும் கலந்திருக்கும். இவை அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களில் இறங்கிக் காய்ந்துவிட்டால் துணி எட்டாது. அம்பாசடர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இரும்பு பம்பரில் குரோமியம் பூச்சு, ஒரு துடைப்பில் தீர்ந்தது.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் வைத்தியமெல்லாம் பருப்புக்கு எண்ணெய் தடவி மினுக்குகிற கதைதான். நமக்குத் தெரியாத வித்தையா அது! ஈரம் இருக்கிறவரை வெள்ளை மறையும், காய்ந்ததும் தெரியும், நடுவில் தூசியும் ஒட்டிக்கொள்ளும். தின்னரும் பெட்ரோலும் கூடவே கூடாது. பெயின்ட்டும் விளக்கு மூடியும் கெடும், நெருப்புப் பயம் வேறு.

சரியான வழி எளிதானது. வண்டியை நிழலில் நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் கார் ஷாம்போ, பாத்திரம் கழுவும் திரவமோ சில சொட்டு விட்டு, மிருதுவான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரலாம். அதற்கும் போகாததற்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். அடுப்பு, பீடி நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. சின்னக் கோடுகளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரே போதும். நான் அழித்துப் பார்த்தேன், போனது. கொதிநீர் ஊற்றினால் மெழுகு உருகிவிடும் என்பார்கள். கார்னோபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். கை வெந்துபோகும்.

வெள்ளை எல்லாமே பாலிஷ் குற்றமும் அல்ல. துணி போன தடத்தில், ஓரங்களில் கோடுகோடாக இருந்தால் மெழுகு. பம்பர் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் நிறம் என்றால் வருஷக்கணக்கில் வெயில் தின்றது. அது கழுவினால் போகாது. புகார் வந்தால் இதைப் பார்த்துப் பேசுங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். பெயின்ட் கடைக் காகித டேப்பைப் பிளாஸ்டிக் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் பூசச் சொல்லலாம். ஓரங்களில் பாலிஷைக் கொஞ்சமாக எடுத்து, பட்டால் காயும் முன்பே ஈரத்துணியால் துடைக்கச் சொல்லலாம். அந்த டேப்பை நீங்களே பாலிஷ் பக்கத்தில் வைத்தால் அதுவும் விற்கும்.

“இந்த லாபத்துக்குப் பாடம் வேறு நடத்த வேண்டுமா?” என்று சிலர் கேட்பார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவை அவர்கள் படிக்கட்டும். சரக்கை எப்படிப் பயன்படுத்த வேண்டும், அதில் என்ன ஆபத்து என்று தயாரிப்பாளர் சொன்ன எச்சரிக்கையை விற்பவர் வாங்குபவரிடம் சேர்ப்பிக்காமல் விட்டு, அதனாலேயே சேதம் வந்தால், விற்றவரும் பொறுப்பாளி. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கானால் பழி விற்றவர் தலையில்தான். லேபிள் இல்லாத பாட்டிலில் “பிளாஸ்டிக் கறுப்பாக்கும் திரவம்” என்று ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிறாரே, அதை மலிவு என்று எடுக்கும் நண்பர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். என்னிடமும் அப்படி நாலு பெட்டி இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

மொத்த வியாபாரிகளான எங்களுக்கு இதில் பொறுப்பு அதிகம். டப்பாவின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல நாங்கள் ஆரம்பிக்காமல் கடைப் பையனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இந்தப் பூஜைக்கு என் கிடங்கிலிருந்து போகும் ஒவ்வொரு பாலிஷ் பெட்டியிலும், “கறுப்பு பிளாஸ்டிக்கில் படாமல் பூசவும்; பட்டால் உடனே ஈரத்துணியால் துடைக்கவும்; தின்னர், பெட்ரோல் வேண்டாம்” என்று அச்சிட்ட துண்டுச்சீட்டுகள் டப்பாவுக்கு ஒன்றாக இருக்கும். என்னிடம் சரக்கு எடுக்காதவர்களும் ஆள் அனுப்பினால் சீட்டு தருகிறேன், காசு வேண்டாம்.