நிரலெழுத்தின் ஒழுங்கு

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொடரை நிரல் என வழங்குகின்றோம். அதனை எவ்வாறு எழுதினாலென்ன, பொறி ஏற்றுக்கொண்டாற் போதாதோ என்பார் பலர். அவர் கூற்றிற் சிறிது உண்மை உண்டு. சி முதலிய மொழிகளில் வரிகளை உள்தள்ளி எழுதினும், நெருக்கி எழுதினும், பெரும்பான்மையும் பொறி செய்யுந் தொழில் ஒன்றே. ஆயினும் நிரலைப் படிப்பது பொறி மட்டுமன்று. பிழை திருத்துவோரும், பின் வந்து அதனை வளர்ப்போரும் படிக்கின்றனர். வரியொழுங்கு அவர்பொருட்டே வேண்டப்படுவதென்பது எம் கருத்து. புள்ளியும் சொல்லிடைவெளியும் இல்லாத ஏட்டுச் சுவடிகளைப் பற்றிக் கற்கும் எம்மனோர்க்கு இது புதிதன்று.

2014 பிப்ரவரித் திங்களில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் ஐபோன் முதலிய கருவிகளில் ஒரு பெரும்பிழையைத் திருத்தி வெளியிட்டனர். இணைய வழியே மறைவாகச் செய்தி பரிமாறுமுன், எதிரே நிற்கும் கணிப்பொறி உரியதுதானா என்று கையொப்பத்தைச் சோதிக்கும் பகுதி அது. அங்கே, 'தோல்விப் பகுதிக்குச் செல்க' எனப் பொருள்படும் 'கோட்டூ ஃபெயில்' என்னும் வரி அடுத்தடுத்து இருமுறை நின்றது. அவற்றின் மேலே ஒரு நிபந்தனை. அடைப்புக்குறி இடாதவழி, நிபந்தனை தனக்கு அடுத்த ஒரு கட்டளையையே ஆளும் என்பது சி மொழியின் விதி. ஆதலின் முதல் வரி நிபந்தனைக்கு அடங்கிற்று. இரண்டாவது, நிபந்தனை பொருந்தாவிடினும் நிகழ்ந்தது. விளைவு யாது? இறுதிச் சோதனை நடவாமலே 'பிழையில்லை' என்ற விடை வந்தது. போலியும் மெய்யென ஏற்கப்படலாயிற்று. இரு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி அழகுற நின்றமையால், இரண்டும் நிபந்தனையின்கீழ் அடங்கியனவென்றே கண் கொள்ளும்.

இத்தகைய முரணைப் பொறியே காட்டித்தர வல்லது. 2016இல் வெளிவந்த ஜிசிசி என்னும் மொழிமாற்றியின் ஆறாம் பதிப்பு, உள்தள்ளல் படிப்போரை மயக்குமாயின் எச்சரிக்கின்றது. நிரலைச் சோதிக்கும் கருவிகளுள் முற்பட்டவற்றுள் ஒன்று, 1978ஆம் ஆண்டளவில் பெல் ஆய்வுக்கூடத்து ஸ்டீஃபன் ஜான்சன் இயற்றிய 'லின்ட்'. ஆடையில் ஒட்டும் பஞ்சுத்துகளின் பெயர் அது. பெயரிட்டவர் நகைச்சுவை அறிந்தவர் போலும். பைத்தான் மொழியிலோ உள்தள்ளலே பொருளைப் பகுக்கின்றது. கோ மொழியினர் வரியமைப்பை ஒரு கருவியினிடமே ஒப்படைத்துவிட்டமையால், இடைவெளி நான்கா எட்டா என்னும் பூசல் அவரிடை அரிது.

அங்ஙனமாயின் மனிதர் படிப்பது எற்றுக்கு என்பாரை யாம் உடன்படோம். மேற்கூறிய நிரலை வரியமைக்கும் கருவியில் இட்டிருப்பின், அது பிழையைத் திருத்தியிராது; இரண்டாம் வரியை இடப்புறம் இழுத்து, நிபந்தனைச் சொல்லுக்கு நேர்கீழே நிறுத்தியிருக்கும். அவ்வளவே. 'இவ்வரி இங்கு ஏன்?' என்று வினவுதற்கு ஒருவர் வேண்டும். வரியமைப்பைப் பற்றி வழக்காடியே பொழுது கழிப்பவர்க்கு அவ்வினா எழுவதில்லை.

ஆதலின் நம் கல்லூரியில் நிரல் பயிலும் நண்பர்கள் வரியொழுங்கைக் கருவிக்கு விட்டு, எஞ்சும் பொழுதில் ஒருவர் நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்துப் பொருள் உசாவுவாராக. ஆண்டிறுதித் திட்டப்பணிகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.