நிலவொளியில் கல் 'சார்ஜ்' ஆகுமா?

மாணவர்களே, பௌர்ணமி நெருங்கும்போது உங்கள் திறன்பேசியில் இப்படி ஒரு காணொளி வந்திருக்கலாம். வண்ணக் கற்களைச் சன்னலோரம் அடுக்கி, "இரவு முழுக்க நிலவொளியில் வையுங்கள், கல்லில் ஆற்றல் ஏறும், தேர்வு பயம் போகும்" என்பார்கள். நவராத்திரி வந்தால் துர்க்கை, லட்சுமி, சரஸ்வதி பெயர்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அம்மனை வணங்குவது வேறு, கல்லில் ஆற்றல் ஏறும் என்பது வேறு. வழிபாடு மனம் சார்ந்தது. கல்லைப் பற்றிய பேச்சையோ சோதித்துப் பார்க்கலாம். அப்படிச் சோதிக்காமல் அதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

முதலில் கல். அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திடப்பொருளே படிகம். சமையல் உப்பும் படிகம்தான். ஸ்படிக மாலையில் இருப்பது குவார்ட்ஸ் படிகம். அதை அழுத்தினால் சிறிதளவு மின்னழுத்தம் உண்டாகும். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த உண்மை இது. கைக்கடிகாரத்துக்குள் உள்ள குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால், அதற்கு ஆற்றல் தருவது பேட்டரி. பேட்டரி தீர்ந்த கடிகாரத்தைப் பௌர்ணமி நிலவில் வைத்தாலும் முள் நகராது.

அடுத்து நிலவு. அதன் ஒளி, சூரிய ஒளியின் பிரதிபலிப்பு. முழுநிலவைவிடச் சூரியன் ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. ஒளியால் கல்லில் ஆற்றல் ஏறுமென்றால், நண்பகல் வெயிலே போதுமே!

"கடலையே பொங்க வைக்கும் நிலவு கல்லை விட்டுவிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே சுமார் 12,700 கிலோமீட்டர் தூரம். அதனால் நிலவின் ஈர்ப்பு இரு பக்கத்திலும் வேறுபடுகிறது. அந்த வேறுபாடே அலையேற்றத்துக்குக் காரணம். உள்ளங்கை அளவுக் கல்லில் அந்த வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். மேலும், பௌர்ணமியைப் போலவே அமாவாசையிலும் அலையேற்றம் அதிகம். பிறகு ஏன் பௌர்ணமிக்கு மட்டும் கல் விற்கிறார்கள்?

"கல்லைப் பிடித்தால் மனம் அமைதியாகிறதே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச், 80 பேரிடம் உண்மைக் கல்லையும் போலிக் கல்லையும் கொடுத்துச் சோதித்தார். 2001இல் வெளியான அந்த முடிவின்படி, போலிக் கல்லைப் பிடித்தவர்களும் அதே உணர்வுகளைச் சொன்னார்கள். அமைதியைத் தந்தது எதிர்பார்ப்பு, கல் அல்ல.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு கற்களில் ஒன்றை நிலவொளியிலும் மற்றொன்றை அலமாரியிலும் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் நண்பர் நாணயம் சுண்டி, ஏதாவது ஒன்றை உங்கள் கையில் தரட்டும். எந்தக் கல் என்று 20 முறை சொல்லுங்கள். வெறும் ஊகத்திலேயே 10 முறை அளவுக்குச் சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் வருவதற்கு 100க்கு 2 வாய்ப்புதான். விடையை எழுதி வைத்து எண்ணுங்கள்.

இதனால் நவராத்திரியின் பெருமை குறைந்துவிடாது. புரட்டாசி அமாவாசைக்கு அடுத்து வளர்பிறையில் தொடங்கும் விழா அது. அந்த மாலைகளில் வானைப் பாருங்கள். மெல்லிய பிறை நாளுக்கு நாள் பருத்து, உயர்ந்து வருவது தெரியும். முன்னோர் வானத்தை உன்னிப்பாகக் கவனித்தே நாள் குறித்தார்கள்.

சரஸ்வதி பூஜையில் அடுக்கிய புத்தகம் தானாக மனத்தில் ஏறும் என்று பாட்டி சொல்வதில்லை. விஜயதசமியன்று எடுத்துப் படி என்கிறார். கல்லுக்குத் தரும் ரிங்கிட்டில் ஒரு பயிற்சி நூல் வாங்குங்கள். தேர்வு பயம் தூக்கத்தைக் கெடுத்தால், பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.