பாலக்கோடா, அரூரா, பென்னாகரமா?

தருமபுரி மாவட்டத்தில் இப்போது 7 வட்டங்கள்: தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. இந்த ஏழு வட்டங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு மட்டும் ஓர் உதவித்தொகை. விண்ணப்பம் ஆன்லைனில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த விண்ணப்பம் இந்த ஏழில் ஒன்றா என்று பார்ப்பது மேஜையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு ஒரு நொடி வேலை. கம்ப்யூட்டருக்கு?

புரோகிராம் எழுதப் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் பலர், பேசுவதுபோலவே எழுதிவிடுகிறார்கள்: 'வட்டம் பாலக்கோடு அல்லது அரூர் அல்லது பென்னாகரமாக இருந்தால் ஏற்றுக்கொள்.' காதுக்குச் சரியாகத்தான் கேட்கிறது. ஆனால் பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகள் இதைத் துண்டு துண்டாகப் படிக்கும். 'வட்டம் பாலக்கோடா?' என்பது ஒரு கேள்வி. அடுத்து வரும் 'அரூர்' கேள்வியே அல்ல, வெறும் சொல். அப்படி ஒரு சொல் தனியாக நின்றால், அதை 'ஆம்' என்றே இந்த மொழிகள் எடுத்துக்கொள்ளும். விளைவு? ஓசூர், சேலம், சென்னை என்று யார் விண்ணப்பித்தாலும் கதவு திறக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதுதான் ஆபத்து.

'வட்டம் பாலக்கோடா, அல்லது வட்டம் அரூரா' என்று ஒவ்வொரு முறையும் முழுதாகக் கேட்பது ஒரு வழி. ஏழு பெயருக்கு அது சரி. எழுபதுக்குக் கை வலிக்கும். அதைவிட நல்லது, பெயர்களை ஒரே பட்டியலாக வைத்து 'இது பட்டியலில் உண்டா?' என்று கேட்பது. இதற்கென்றே பி.எச்.பி.யில் 'இன்_அரே', ஜாவாஸ்கிரிப்டில் 'இன்க்ளூட்ஸ்' இருக்கின்றன.

பட்டியல் ஓரிடத்தில் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதுவரை தருமபுரியில் இருந்த ஓசூர் அங்கே போய்விட்டது. இப்படி மாறும்போது பட்டியலை ஒரு முறை திருத்தினால் போதும். பத்துப் பக்கங்களில் பத்து முறை எழுதி வைத்திருந்தால் ஒன்று விட்டுப்போகும். அந்த ஒன்றால் தகுதியுள்ள பிள்ளையின் விண்ணப்பம் திரும்பி வரும்.

எழுத்துக்கூட்டலும் படுத்தும். அரூரை ஆங்கிலத்தில் 'ஹ' ஒலியோடு எழுதுபவர்களும் உண்டு, இல்லாமல் எழுதுபவர்களும் உண்டு. கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஊர்கள். எனவே பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது நல்லது. ஆனாலும் சர்வரில் மறுபடி சரிபார்க்கத்தான் வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் பிரவுசரிலிருந்து வேறு பெயரை அனுப்பிவிட முடியும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு படிவம் செய்துகொண்டிருந்தால் ஒன்று சொல்லுங்கள். அரூரைப் போட்டு 'ஏற்கப்பட்டது' என்று வந்தவுடன் எழுந்துவிடக் கூடாது. ஓசூரையும் போட்டுப் பார்க்க வேண்டும். எதுவும் நிரப்பாமலும் ஒரு முறை அனுப்பிப் பார்க்க வேண்டும்.