சோற்று நாயும் சீமைத் தீனியும்

சென்ற மாதம் உடப்பிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்தார். குரலில் கலக்கம் தெரிந்தது. "தம்பி, நாய்க்குச் சோறு போடுறது பாவமோ?" என்று கேட்டார்.

விசாரித்தபோது விடயம் விளங்கிற்று. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகன், தாயார் சட்டியில் சோறும் மீனும் குழைத்து வைப்பதைக் கண்டு, "தானியம் நாய்க்கு நஞ்சு, அம்மா" என்று கண்டித்திருக்கிறான். தானியம் சேராத இறக்குமதித் தீனி ஒரு மூட்டையையும் கொழும்பிலிருந்து வருவித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதன் விலை அக்கா வீட்டின் ஒரு மாத அரிசிச் செலவை விட அதிகம்.

பத்திரிகை அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். இரு தரப்பையும் கேளாமல் எழுதாதே என்பது அங்கு கற்ற பாடம். ஆகவே தேடிப் படித்தேன்.

நாய் ஓநாயின் வழி வந்தது, ஓநாய் நெல் விதைத்து உண்ணவில்லை என்பது மருமகன் கட்சியின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் 2013 இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஓநாய்களையும் 60 நாய்களையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை வேறு கதை சொல்கிறது. மாப்பொருளைச் சமிபாடடையச் செய்யும் அமிலேசு நொதியத்துக்கான பரம்பரையலகு ஓநாயிடம் 2 பிரதிகளே உண்டு. நாய்களிடமோ 4 முதல் 30 வரை காணப்பட்டன. மனிதன் உழவனானபோது அவன் வாசலில் கிடந்த நாயின் உடலும் அவனுடைய உணவுக்கேற்ப மாறியிருக்கிறது. இதில் விதிவிலக்குகளும் உண்டு. பனி நாட்டு ஹஸ்கி இனத்திலும் அவுஸ்திரேலிய டிங்கோவிலும் இந்தப் பிரதிகள் குறைவு. மருமகன் வளர்ப்பது ஹஸ்கி. அவன் தன் நாயை வைத்து உடப்பு நாயை அளந்துவிட்டான்.

ஒவ்வாமை என்றும் சொல்கிறார்கள். உணவு ஒவ்வாமை கொண்ட 297 நாய்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து 2016 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் முதலிடம் மாட்டிறைச்சிக்கு, 34 வீதம். பாற்பொருள் 17, கோழி 15, அதன் பின்னரே கோதுமை 13.

தானியத்தை நீக்கிய தீனியில் அதற்குப் பதிலாக என்ன சேர்க்கிறார்கள்? பெரும்பாலும் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு. அவையும் மாப்பொருள்தானே! இத்தகைய தீனிக்கும், இதயத்தசை விரிந்து நலிவுறும் நோய்க்கும் தொடர்புண்டா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் ஆராயத் தொடங்கியது. காரண காரியத் தொடர்பை நிறுவப் போதிய தரவு இல்லை என்று 2022 டிசம்பரில் கூறியது. எனவே அந்த மூட்டையை நஞ்சு என்று நானும் சொல்லமாட்டேன். அது அவசியம் என்பதற்குச் சான்று இல்லை, அவ்வளவே.

இத்துடன் அக்கா கட்சி வென்றது என்று எழுதி முடிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது.

நான் வளர்ந்த கரையில், கரைவலை இழுபடும்போது சுற்றி நின்ற நாய்களை நினைத்துப் பார்க்கிறேன். விலா எலும்புகளை எண்ணலாம், முதுகில் சொறி. "சோறு போட்டு வளர்த்தோம்" என்று நாம் பெருமை பேசுகிறோம். நாம் போட்டது பானையின் அடியில் மிஞ்சிய வெறுஞ்சோறு. வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீங்கலாக, 18 வீதமாவது புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தீனி நியமம். அரிசியில் இருப்பது ஏழெட்டு வீதம். குட்டிக்கு இன்னும் அதிகம் வேண்டும். அந்த நாய்கள் சோற்றால் மெலியவில்லை, சோறு மட்டுமே கிடைத்ததால் மெலிந்தன.

2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 இல் அரிசி விலை ஏறியபோது, வீட்டார் ஒருவேளை உணவைக் குறைத்த குடிகளில் முதலில் காலியானது நாயின் சட்டிதான். அந்த நாட்களை அறிந்தவர்களிடம் போய், அரிசி நஞ்சு என்று எப்படிச் சொல்வது?

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். சோறு இருக்கட்டும், மீனைக் கூட்டுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சூடையோ சாளையோ போதும். ஆனால் அவித்துக் கொடுங்கள். மத்திக் குடும்பத்து மீன்கள் சிலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியம் உண்டு, வெப்பம் அதைச் செயலிழக்கச் செய்யும். உப்பேறிய கருவாடு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் போட்ட கறிக்குழம்பை ஊற்றவே வேண்டாம், அவை நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். இடைக்கிடை ஒரு முட்டை கொடுங்கள். முக்கியமாக, ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். வெறுஞ்சோறு மட்டுமே போட வேண்டிய நாள் வந்தால் அந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளுங்கள், வீணாக்காதீர்கள்.

மருமகனுக்கும் ஒரு வார்த்தை. உன் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் உன் தாய் தன் பங்கிலிருந்து எடுத்து வைத்த பிடியைக் கொலை என்று சொல்லிவிட்டாய். அடுத்த முறை அழைக்கும்போது நாயைப் பற்றி விசாரிப்பதற்கு முன், அம்மா சாப்பிட்டாரா என்று கேள்.