வீங்கிய கையும் நடவுக் கூலியும்

தென்காசி மாவட்டம் வடகரையைச் சுற்றியுள்ள வயல்கள் அடவிநயினார் அணையின் நீரை நம்பியவை. காரிலும் பிசானத்திலும் நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்களின் வேலை. அவர்களுள் நிலமற்ற தலித் பெண்கள் கணிசமானோர். வயல் வேலை இல்லாத நாள்களில் பீடி சுற்றுவோரும் உண்டு. இரண்டுமே கையை நம்பிய பிழைப்பு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணுக்கு அந்தக் கையே வீங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி நமது பொதுச் சுகாதார விவாதங்களில் அரிதாகவே எழுகிறது.

மார்பகப் புற்றுக்கான அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் அகற்றப்படுவதுண்டு. அவ்விடத்தில் கதிர்வீச்சும் தரப்படலாம். வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவது போலக் கையில் நிணநீர் தேங்குகிறது. சிகிச்சை முடிந்து சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ வீக்கம் தொடங்கலாம். 2013இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியான தொகுப்பாய்வு, மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருவதாகக் கணித்தது. அக்குள் முடிச்சுகளைப் பெருமளவில் அகற்றியவர்களிடையே இது ஏறத்தாழ 20 விழுக்காடு. முதலில் நோய் பரவக்கூடிய ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களிடையே 6 விழுக்காட்டுக்கும் குறைவு. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால்தான் இரண்டாவது முறைக்கு வாய்ப்பு அதிகம். ஒரு நாள் கூலியை இழந்து பரிசோதனைக்குச் செல்ல இயலாதவரோ நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார். வீக்கத்தின் அபாயமும் இவ்வாறு ஏழைகள் மீதே கூடுதலாக விழுகிறது.

இந்த வீக்கத்தை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. அழுத்த உறை, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றால் கட்டுப்படுத்தலாம். தோலில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமித் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் வரலாம். ஒவ்வொரு தொற்றும் வீக்கத்தை மேலும் மோசமாக்கும். ஆகவே, கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். மருத்துவ நோக்கில் இது சரியே. ஆனால் சேற்றில் நாற்று நடுபவருக்கும் அரிவாள் பிடிப்பவருக்கும், வேலையை விட்டுவிடு என்பதே அதன் பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வேளாண்மையில் ஈடுபட்டுள்ள பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள். சொந்த நிலமும் வேறு வருமானமும் உள்ளவர் கையை ஓய்வில் வைக்கலாம். சாதியால் நிலம் மறுக்கப்பட்டவர் வைக்க முடியாது.

யானைக்கால் நோயும் நிணநீர்ப் பாதையைச் சிதைப்பதே. அதில் நான்காம் நிலையை எட்டியவர்களுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. கொசு பரப்பும் கிருமியால் வந்த வீக்கம் அரசின் பொறுப்பு என்றால், புற்றுநோய்ச் சிகிச்சையால் வந்த வீக்கம் மட்டும் எப்படித் தனிமனிதத் துயரமாகும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் நிணநீர் வீக்கம் தனியாக இடம்பெறவில்லை.

இதற்கான கட்டமைப்பைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. புற்றுநோய் அறுவை முடிந்த பெண்களின் கையளவைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பதிவு செய்வதை அதில் சேர்க்கலாம். அழுத்த உறை நாளடைவில் இறுக்கம் இழந்துவிடும் என்பதால், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய உறையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்க வேண்டும். தென்காசி 2019 முதல் தனி மாவட்டம்; ஓர் உறைக்காகத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ வடகரைப் பெண்ணை அலையவிடக் கூடாது. கை வேலைக்கு உதவாத நிலையை அடைந்தோருக்கு மாத உதவித்தொகையும், சேறு படாத மாற்று வேலையும் உறுதிசெய்யப்பட வேண்டும். இவை யாவும் புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதியே. அவற்றைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.