பலூன் மட்டும் கண்ணில் படாதா?

ஏப்ரல் வந்தால் மருந்து விலை நிர்ணய ஆணையத்தார் இதய ஸ்டென்டின் உச்சவரம்பு விலையைத் திருத்துகிறார்கள். நாளத்தை விரிக்கும் பலூன், அதை உள்ளே கொண்டுசெல்ல உதவும் கைடுவயர், கதீட்டர் மட்டும் வழக்கம்போல் வரம்புக்கு வெளியே. 2017 பிப்ரவரியில் உச்சவரம்பை ஸ்டென்டோடு நிறுத்திக்கொண்ட முடிவை இன்றும் மாற்ற மனமில்லை.

மருந்து பூசிய ஸ்டென்ட் அன்று ரூ.29,600-க்கு இறங்கியது நல்ல காரியம்தான். மாரடைப்பு வந்த பெரியவர்களுக்கு அது உதவியது. பிறவியிலேயே இதயக் கோளாறோடு வந்த பிள்ளைகளை யார் நினைத்தார்கள்?

பெருந்தமனிகள் இரண்டும் இடம் மாறிப் பிறக்கும் சிசுவுக்கு அவற்றை மாற்றித் தைக்கிறார்கள். பிரேசிலின் அடிப் ஜாடெனே 1975-இல் செய்துகாட்டிய அறுவை அது. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கொரோனரி நாளங்களையும் அப்போது பெயர்த்துப் புது இடத்தில் பதிக்க வேண்டும். பதித்த வாய் சிலருக்குப் பின்னாளில் சுருங்கிப்போகிறது. அங்கே ஸ்டென்ட் வைக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். பிள்ளை வளரும், உலோகக் குழாய் வளராது. முடிந்தவரை பலூனை விரித்துப் பார்ப்பார்கள், இல்லையேல் மறுபடி அறுவை. கொரோனரி நாளம் இதய அறைக்குள் நேரே திறந்துகொள்ளும் கோளாறு என்றால் ஸ்டென்டுக்கு வேலையே இல்லை. காயில் என்ற கம்பிச் சுருளோ பிளக் என்ற அடைப்பானோ வைத்து அடைக்க வேண்டும். ஆக, விலை வரம்பு வைத்த பொருள் இந்தப் பிள்ளைகளுக்கு அநேகமாகத் தேவைப்படாது. தேவைப்படும் பொருளுக்கு வரம்பு வைக்கவில்லை.

சிறிய பலூனில் தொடங்கி அளவைக் கூட்டிக்கொண்டே போக நேர்ந்தால் ஒவ்வொன்றும் பில்லில் ஒரு வரி. 2018-இல் இவற்றைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கொள்ளையை வரிவரியாகப் படிக்கப் பெற்றோருக்கு ஒரு வசதி! ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எம்.ஆர்.பி.யை ஏற்றக்கூடாதென்ற விதி இருக்கிறதே என்பார்கள். அச்சடிக்கும்போதே பல மடங்கு வைத்து அச்சடித்தவனுக்கு அந்த விதி என்ன செய்யும்?

ஸ்டென்டைக்கூட இவர்கள் தாமாகத் தொடவில்லை. பொதுநல வழக்கு வந்து, நீதிமன்றம் தலையில் குட்டிய பிறகே 2016 ஜூலையில் அது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. மருத்துவமனைகள் 654 சதவீதம் வரை லாபம் வைத்ததை வெளியிட்டவர்களும் இவர்களே. அதுவரை எங்கே இருந்தார்கள் என்றுதான் தெரியவில்லை. மருத்துவக் கருவிகளில் அரசின் தாமதம் புதிதல்ல; செயற்கை இடுப்பு மூட்டு விவகாரம் மறந்திருக்காது. குறைபாட்டால் 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெற்ற மூட்டைப் பற்றி ஆராய டெல்லியில் ஒரு குழு அமைக்க 2017 ஆனது. அதற்குள் எத்தனை பேர் நொண்டினார்களோ.

இப்போது பலூனைப் பற்றிக் கேட்டால், இத்தகைய பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பார்கள். குறைவு என்றால் செலவும் குறைவுதானே, செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

குழந்தை இதய மருத்துவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி ஏதேனும் வழி காணட்டும். அடுத்த ஏப்ரலிலும் ஸ்டென்டில் சில நூறு ரூபாயைக் கூட்டிக் கழித்துவிட்டு எழுந்து போவதாக இருந்தால், விலை திருத்தும் கூட்டத்தையே கூட்ட வேண்டாம்.